பரண்ல கிடக்கற பழைய கம்ப்யூட்டரை மறுபடி ஓட வைக்கறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1998ல இருந்து 2004 வரைக்கும் நம்ம ஊர் வீடுகள்ல வாங்கின அசெம்பிள்டு பிசி இருக்குல்ல, செலரான் இல்லனா பென்டியம் 3, 64 எம்பி ராம், விண்டோஸ் 98, பெரிய டப்பா மானிட்டர், அதைப் பத்தின பக்கம் இது. வீடு மாத்தும்போதோ, வெள்ளையடிக்க பரண் காலி பண்ணும்போதோ இந்த பிசி வெளிய வரும், உடனே யாராவது எனக்கு போன் பண்ணுவாங்க, கேக்கறதும் பெரும்பாலும் அதே சந்தேகமா தான் இருக்கும். அதனால அவங்க கேட்ட மாதிரியே எழுதி வெச்சிருக்கேன். வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை திரும்ப சொல்ல மாட்டேன்.

அண்ணா, பரண்ல இருந்து எறக்கியாச்சு. ஆன் ஆகுதான்னு ஒரே ஒரு தடவை கரண்ட் குடுத்து பாக்கலாமா?

வேணாம். இந்த "ஒரே ஒரு தடவை"ல தான் முக்கால்வாசி மெஷின் போகுது. பதினஞ்சு இருபது வருஷம் சும்மா கிடந்த எஸ்எம்பிஎஸ்ல, அதாவது மெஷினுக்கு கரண்ட் குடுக்கற டப்பாவுல, கெப்பாசிட்டர் (சார்ஜை புடிச்சு வெச்சுக்கற பாகம்) காஞ்சிருக்கலாம், உள்ள கரப்பான் செத்து ரெண்டு கால் நடுவுல ஷார்ட் பண்ணிட்டு கிடக்கலாம், எஸ்எம்பிஎஸ் தப்பான வோல்டேஜ் குடுத்தா மதர்போர்டோட சேர்த்து ஹார்ட் டிஸ்கும் காலி.

போர்டு போனா வேற போர்டு கிடைக்கும், ராம் போனா காயலான் கடையில கிடைக்கும். அந்த டிஸ்க்ல இருக்கற உங்க தங்கச்சி பெயிண்ட்ல வரைஞ்ச படமும், அப்பா டைப் பண்ணி வெச்ச கடிதமும் எங்கயும் கிடைக்காது. அதனால டிஸ்க் முதல்ல, மெஷின் அப்புறம். சைடு கவரை கழட்டி, ஹார்ட் டிஸ்க்ல இருக்கற ரெண்டு வயரையும் புடுங்கி, டிஸ்கை தனியா எடுத்து வெச்சுட்டு மத்த வேலைக்கு வாங்க. கழட்டறதுக்கு முன்னாடி போன்ல நாலா பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க, எந்த வயர் எங்க இருந்துச்சுன்னு அப்புறம் சத்தியமா ஞாபகம் இருக்காது.

உள்ள ஒரே தூசி சார், பல்லி முட்டை வேற இருக்கு. தண்ணி போட்டு கழுவலாமா?

கேபினெட் தகரத்தையும் முன்னாடி இருக்கற பிளாஸ்டிக் முகப்பையும் மட்டும் தாராளமா சோப்பு போட்டு கழுவுங்க. போர்டுக்கு காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷும் ப்ளோயரும் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் றெக்கையை விரலால புடிச்சுக்கோங்க, காத்துல அது வேகமா சுத்துனா பேரிங் போயிடும். பல்லி எச்சம், கரப்பான் கறை மாதிரி ஒட்டிட்டு இருக்கறதுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால், கடையில ஐபிஏன்னு கேட்டா குடுப்பாங்க, அதை பழைய டூத் பிரஷ்ல தொட்டு தேய்ங்க.

ராமை கழட்டி அந்த தங்க நிற காலை பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க. கடலோர ஊர்காரங்க போர்டுல சொருகியிருக்கற பிசிஐ கார்டு (சவுண்டு, மோடம் மாதிரி) எல்லாத்துக்கும் இதை செய்யணும், உப்புக்காத்துல எல்லா கான்டாக்டும் மங்கிப் போயிருக்கும். டிஸ்குக்கு போற ஐடிஇ பட்டை கேபிளை எலி கடிச்சிருக்கான்னும் ஒரு பார்வை பாருங்க.

ஹார்ட் டிஸ்க்ல இருக்கற பழைய போட்டோ எல்லாம் எப்படி எடுக்கறது? லேப்டாப்ல சொருக இடமே இல்லையே?

ஐடிஇ டு யுஎஸ்பி அடாப்டர் வாங்கணும். வாங்கும்போது 40 பின் சாக்கெட் இருக்கான்னு பாத்து வாங்குங்க, சாட்டா (பிற்கால டிஸ்குக்கான கனெக்டர்) மட்டும் உள்ளதை தலையில கட்டிடுவாங்க. கூடவே நாலு பின் மொலக்ஸ் பவர் வர்ற தனி அடாப்டரும் இருக்கணும், 3.5 இன்ச் டிஸ்க்குக்கு யுஎஸ்பில வர்ற கரண்ட் பத்தாது. டிஸ்க் பின்னாடி இருக்கற குட்டி ஜம்பரை (ரெண்டு பின்னை சேர்க்கற பிளாஸ்டிக் மூடி) மாஸ்டர்ல வைங்க, எது மாஸ்டர்னு டிஸ்க் மேல ஒட்டியிருக்கற லேபிள்லயே படம் போட்டிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம், விண்டோஸ் லேப்டாப்ல சொருகி ஃபோல்டர் ஃபோல்டரா காப்பி பண்ணாதீங்க. விண்டோஸ் டிஸ்கை பாத்ததும் அதுல தானா ஏதாவது எழுதும், "ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்" பண்ணவான்னு வேற கேக்கும், நீங்களும் பழக்கதோஷத்துல ஓகே குடுத்துடுவீங்க. ஒரு லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு புரோகிராம் இருக்கு, அதை வெச்சு மொத்த டிஸ்கையும் ஒரே இமேஜ் ஃபைலா, அதாவது டிஸ்கோட அச்சு அசல் நகலா, எடுங்க. அது நல்லா இருக்கற இடத்தை எல்லாம் முதல்ல சுருட்டிட்டு, அடிபட்ட செக்டார்களை கடைசியில தான் திரும்ப திரும்ப முயற்சி பண்ணும், எங்க நின்னுச்சுன்னு ஒரு மேப் ஃபைல்லயும் எழுதி வெச்சுக்கும், நடுவுல கரண்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். 10 ஜிபி, 20 ஜிபி டிஸ்க் தானே, இன்னைக்கு பென்டிரைவ்லயே அடங்கிடும். அப்புறம் டிஸ்கை தொடவே வேணாம், அந்த இமேஜை வெச்சுக்கிட்டு என்ன வேணா பண்ணுங்க.

டிஸ்க் டக் டக்னு அடிக்குது. ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்தா ஓடும்னு சொல்றாங்களே?

அதை சொன்னவரோட டிஸ்க்ல வெச்சு பாக்க சொல்லுங்க. நம்ம ஊர் ஈரப்பதத்துல ஃப்ரீசர்ல இருந்து எடுத்த அடுத்த நிமிஷம் வெளியவும் உள்ளயும் வேர்த்துடும், அந்த ஈரத்தோட பிளேட்டர் (உள்ள சுத்தற தட்டு) சுத்துனா இருக்கறதும் போச்சு.

தொடர்ந்து டக் டக்னு அடிச்சா ஹெட் (தட்டை படிக்கற முனை) பிரச்சனை, உடனே பவரை எடுத்துடுங்க. அதுல இருக்கறது உங்களுக்கு நிஜமாவே வேணும்னா டேட்டா ரெக்கவரி ஆளுங்ககிட்ட தான் போகணும், செலவு மெஷின் விலையை தாண்டிடும். சத்தமே இல்லாம, சுத்தவே சுத்தாம இருந்தா வேற கதை, ஹெட் பிளேட்டர்ல ஒட்டிக்கிட்டு இருக்கலாம், பழைய டிஸ்க்ல இது சகஜம். பவர் குடுக்கற அந்த நொடியில டிஸ்கை படுக்க வெச்சு கையால ஒரு வெடுக் திருப்பு திருப்புனா சில சமயம் விட்டுடும். அடுத்த தடவை ஓடும்னு நிச்சயம் கிடையாது, அதனால இமேஜ் எடுக்க எல்லாத்தையும் தயாரா வெச்சுட்டு தான் இதை பண்ணணும், தட்டறது குத்தறது எல்லாம் கூடாது.

காப்பி எடுத்தாச்சு ப்ரோ, ஆனா தமிழ் ஃபைல் எல்லாம் கன்னாபின்னான்னு இங்கிலீஷ் எழுத்தா வருது. வைரஸா?

வைரஸ் இல்ல. அந்த காலத்துல தமிழை இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துல உக்கார வெச்சு தான் ஃபான்ட் செஞ்சாங்க, அந்த ஃபான்ட் இல்லனா அடியில இருக்கற எழுத்து தான் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமா அடுக்கி வெச்சிருந்தாங்க. 1999 பிப்ரவரில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, அதுக்கு அப்புறம் தமிழக அரசு டாம், டாப்னு ரெண்டு முறையை ஸ்டாண்டர்டா அறிவிச்சது. இன்டர்நெட்ல புழங்குனவங்க டிஸ்கிங்கற முறை வெச்சிருந்தாங்க, இலங்கைத் தமிழர்கள் பக்கம் பாமினி. டிடிபி சென்டர்ல அடிச்ச கல்யாண பத்திரிகைன்னா அது இன்னொரு தனி உலகம். விண்டோஸ்ல தமிழ் யூனிகோடு (இப்ப எல்லா இடத்துலயும் புழங்கற பொது எழுத்து முறை) ஆதரவு விண்டோஸ் 2000ல தான் வந்துச்சு, அதுவும் வீடு வீடா வர்றதுக்கு எக்ஸ்பி வரைக்கும் ஆச்சு.

அதனால இமேஜ்ல இருந்து விண்டோஸ் ஃபோல்டர்க்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணி வைங்க, அது தான் சாவி. வேர்டு ஃபைலை திறந்து, ஃபான்ட் பேரு என்ன காட்டுதுன்னு பாருங்க, அந்த பேரை வெச்சே எந்த முறைன்னு கண்டுபுடிச்சுடலாம். அப்புறம் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டா யூனிகோடா மாறிடும். நிறைய ஃபைல் இருந்து பைத்தான் தெரிஞ்சா ஓப்பன் தமிழ் லைப்ரரில இதுக்குன்னே ஒரு பகுதி இருக்கு. மாத்துனதுக்கு அப்புறமும் கொம்பும் காலும் எடம் மாறி இருந்தா முறையை தப்பா தேர்ந்தெடுத்துட்டீங்கன்னு அர்த்தம், வேறது போட்டு பாருங்க.

எஸ்எம்பிஎஸ் நல்லா இருக்கான்னு எப்படி தெரிஞ்சுக்கறது?

முதல்ல பின்னாடி இருக்கற சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் 230ல இருக்கான்னு பாருங்க. சின்ன பசங்க நோண்டி 115ல தள்ளி விட்டிருப்பாங்க, அப்படியே 230 வோல்ட்ல சொருகினா டமார் தான்.

அடுத்து, எலக்ட்ரீஷியன் வெச்சிருப்பாரே சீரிஸ் பல்பு போர்டு, அது வழியா கரண்ட் குடுங்க. 100 வாட்ஸ் குண்டு பல்பு தான் வேணும், எல்இடி பல்பு இதுக்கு ஆகாது. பல்பு ஒரு பளிச் அடிச்சுட்டு அணைஞ்சா நல்லது, முழு வெளிச்சத்துல எரிஞ்சுட்டே இருந்தா உள்ள ஷார்ட். அது பாஸ் ஆனா நேரடியா சொருகி, போர்டுல மாட்டற 20 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் பக்கத்துல ஒரு கருப்பு வயரையும் ஜெம் கிளிப்பால சேர்த்தா ஃபேன் சுத்த ஆரம்பிக்கும், லோடுக்கு ஒரு செத்த சிடி டிரைவை மாட்டிக்கோங்க. மல்டிமீட்டர்ல மஞ்சள் 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3, இதுல அஞ்சு சதவீதத்துக்கு மேல கூடக் குறைய இருந்தா அதை போர்டுல மாட்டாதீங்க. எஸ்எம்பிஎஸ் டப்பாவையே திறந்து பாக்கற ஆசை மட்டும் வேணாம், உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், வயரை புடுங்குனதும் அது போயிடாது.

பழைய எஸ்எம்பிஎஸ் போச்சு, புதுசு மாட்டலாமா? பின் ஜாஸ்தியா இருக்கே.

24 பின்ல நாலு பின் தனியா கழன்டு வரும், மிச்சம் 20ஐ மாட்டிக்கலாம். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி லேபிள்ல 5 வோல்ட் லைனுக்கு எவ்வளவு ஆம்பியர்னு பாருங்க. அந்த கால போர்டுல பலது பிராசஸருக்கே 5 வோல்ட்ல இருந்து தான் எடுக்கும், இப்ப வர்றது எல்லாம் 12 வோல்ட்ல தான் பலம், 5ல சொற்பமா தான் இருக்கும். 20 ஆம்பியர் இருந்தா நிம்மதி.

இன்னும் பழசு, 486, முதல் பென்டியம் காலத்து ஏடி டைப்னா போர்டுக்கு ரெண்டு தனித்தனி கனெக்டர் பக்கம் பக்கமா போகும். கருப்பு வயரும் கருப்பு வயரும் நடுவுல சேர்ற மாதிரி தான் மாட்டணும், மாத்தி மாட்டுனா போர்டு போயிடும்.

கேபினெட்ட தொட்டா சுர்ருன்னு ஷாக் அடிக்குது. சின்ன வயசுலயும் அடிக்கும், அது நார்மல் தானே?

அப்ப எல்லார் வீட்லயும் அடிச்சுது, அதனால நார்மல்னு நினைச்சுக்கிட்டோம். எஸ்எம்பிஎஸ் உள்ள ஃபில்டருக்காக ஃபேஸ்ல இருந்தும் நியூட்ரல்ல இருந்தும் பாடிக்கு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. எர்த் ஒழுங்கா இருந்தா அந்த கசிவு மண்ணுக்கு போயிடும், இல்லனா பாடில பாதி மெயின்ஸ், அதாவது ஒரு 115 வோல்ட் போல நிக்கும், கரண்ட் ரொம்ப கம்மிங்கறதால சுர்ருன்னு மட்டும் தெரியும். பிளக் பாயின்ட்ல எர்த் வருதான்னு எலக்ட்ரீஷியனை வெச்சு பாருங்க, மூணாவது காலை உடைச்ச பவர் கார்டை தூக்கி போடுங்க. எர்த் சரியா இருந்தும் அடிச்சா அது வேற லீக்கேஜ், யூஸ் பண்ணாதீங்க.

போர்டுல உருளை உருளையா நிக்குதே, அதுல நாலஞ்சு உப்பி தலையில பழுப்பா கசிஞ்சிருக்கு. அப்படியே ஓட்டலாமா?

ஓட்டாதீங்க. அது எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். 1999ல இருந்து 2007 வாக்குல வந்த போர்டுல இது உலகம் முழுக்க இருந்த வியாதி, எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாத சரக்கு ஏகப்பட்ட கம்பெனி போர்டுல போயிடுச்சு. பிராசஸரை சுத்தி இருக்கறது தான் முதல்ல போகும், ஆன் ஆகும், அஞ்சு நிமிஷத்துல ஹேங் ஆகும், விண்டோஸ் மேல பழி போடுவோம்.

மாத்தறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல, ஆனா சால்டரிங் கை பழகியிருக்கணும். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் இல்லனா அதுக்கு மேல, 105 டிகிரி, லோ இஎஸ்ஆர் (உள்தடை கம்மியானது)னு கேட்டு வாங்குங்க. லோ இஎஸ்ஆர்னு அழுத்தி கேளுங்க, சாதா கெப்பாசிட்டர் இந்த எடத்துல சூடாகி சீக்கிரமே திரும்ப உப்பிடும். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல நாலு கடை ஏறி இறங்கினா கிடைச்சுடும். மைனஸ் பக்கம் கோடு போட்டிருக்கும், மாத்தி வெச்சா வெடிக்கும். கிரவுண்டுக்கு போற கால் சூட்டை எல்லாம் போர்டுக்குள்ள இழுத்துக்கும், அங்க புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி எடுங்க, இழுத்து புடுங்குனா உள்ள இருக்கற டிராக் பிஞ்சுடும். கை பழகலனா பக்கத்துல டிவி ரிப்பேர் பண்றவர்கிட்ட குடுங்க, நம்மள விட அவருக்கு இது தண்ணிபட்ட பாடு.

ஆன் ஆச்சு, ஃபேன் சுத்துது, ஆனா டிஸ்ப்ளே வரல. கீச் கீச்னு பீப் மட்டும் வருது.

பீப் வந்தா நல்ல செய்தி, போர்டு உயிரோட இருக்கு, பேசுது. பயாஸ்ங்கறது ஆன் பண்ணதும் முதல்ல ஓடற, போர்டுலயே இருக்கற புரோகிராம். அவார்டு பயாஸ்னா ஒரு நீளம் ரெண்டு குட்டை வந்தா டிஸ்ப்ளே கார்டு, நீளமா விட்டு விட்டு வந்துட்டே இருந்தா ராம். ஏஎம்ஐ பயாஸ்ல கணக்கு வேற. ராமை ரப்பரால தேய்ச்சு வேற ஸ்லாட்ல மாட்டுங்க, ஏஜிபி கார்டை (தனி டிஸ்ப்ளே கார்டு) கழட்டி மாட்டுங்க, பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுடும். இன்டெல் 810 சிப்செட் போர்டுன்னா ஏஜிபி ஸ்லாட்டே இருக்காது, டிஸ்ப்ளே போர்டுலயே தான்.

பீப்பும் இல்லனா கேபினெட் ஸ்பீக்கர் வயர் மாட்டியிருக்கான்னு முதல்ல பாருங்க. அப்புறம் எல்லா கார்டையும் கழட்டிட்டு பிராசஸர், ஒரு ராம், டிஸ்ப்ளே மட்டும் வெச்சு பாருங்க. அதுக்கும் ஒண்ணும் இல்லனா போன பதில்ல சொன்ன உருளைகளை இன்னொரு தடவை பாருங்க.

பிராசஸர் ஃபேன் கரகரன்னு கத்துது, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விடலாமா?

மார்கழில கட்டியாயிடும், தூசியோட சேர்ந்து பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் வாங்கி, ஃபேன் நடுவுல இருக்கற ஸ்டிக்கரை உரிச்சு ஒரு சொட்டு விடுங்க. ஹீட்சிங்க் (ஃபேனுக்கு அடியில இருக்கற உலோகக் கட்டி) கழட்டினா சூட்டை கடத்தற பழைய பேஸ்டை துடைச்சுட்டு புதுசு போடுங்க. பிற்கால பென்டியம் 3ல சிலிக்கான் நடுவுல நிர்வாணமா தெரியும், கிளிப்பை சாய்வா அழுத்துனா அதோட மூலை உடைஞ்சுடும், ரெண்டு பக்கமும் சமமா இறக்குங்க.

ஒவ்வொரு தடவையும் எஃப்1 அமுக்க சொல்லுது, தேதி பழையபடி போயிடுது.

போர்டுல இருக்கற சிஆர்2032 பேட்டரி செத்துப்போச்சு. மெடிக்கல் ஷாப், ஃபேன்சி ஸ்டோர் எங்கயும் கிடைக்கும். மாத்திட்டு பயாஸ்ல தேதி வைங்க. ஏடி காலத்து போர்டுல வட்டத்துக்கு பதிலா பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரியை சால்டர் பண்ணியிருப்பாங்க, அது கசிஞ்சு பச்சை பூத்து சுத்தி இருக்கற டிராக்கை எல்லாம் தின்னும், அதை இன்னைக்கே வெட்டி எடுத்துட்டு வினிகரால துடைச்சு, ஐபிஏ போட்டு கழுவுங்க.

பாஸ்வேர்டு கேக்குது, அப்பா வெச்சது, அவருக்கே மறந்துடுச்சு.

கறுப்பு ஸ்கிரீன்ல, விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே கேட்டா அது பயாஸ் பாஸ்வேர்டு. பவர் கார்டை புடுங்கிட்டு, பேட்டரிக்கு பக்கத்துல இருக்கற கிளியர் சீமாஸ் (பயாஸ் செட்டிங்கை அழிக்கற) ஜம்பரை மாத்தி கொஞ்ச நேரம் வெச்சுட்டு பழைய எடத்துலயே போடுங்க. விண்டோஸ் 98 வந்ததுக்கு அப்புறம் கேட்டா எஸ்கேப் அமுக்குங்க. ஆமா, அவ்வளவு தான், அந்த பாஸ்வேர்டு நெட்வொர்க்குக்கு தான், வீட்டுக்காரங்கள தடுக்கறதுக்கு இல்ல. எத்தனையோ வீட்ல கேம் விளையாடாம இருக்க இதை வெச்சு நிம்மதியா இருந்தாங்க பாவம்.

டப்பா மானிட்டர் எரியல, நானே திறந்து பாக்கட்டுமா?

கூடாது. பிக்சர் டியூப் ஆனோடுல 20,000 வோல்ட்டுக்கு மேல போகும், ஆஃப் பண்ணதுக்கு அப்புறமும் டியூப் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி சார்ஜை புடிச்சு வெச்சிருக்கும். பழைய டிவி மெக்கானிக் யாராவது இருந்தா அவர்கிட்ட காட்டுங்க, ஃப்ளைபேக் (ஹை வோல்டேஜ் குடுக்கற டிரான்ஸ்ஃபார்மர்) போகலனா பெரும்பாலும் சரி பண்ணிடுவாரு. அதுவரைக்கும் விஜிஏ இருக்கற எந்த எல்சிடிலயும் மாட்டி வேலையை பாக்கலாம்.

நல்லா எரியற சிஆர்டி, அதாவது டப்பா மானிட்டர், உங்ககிட்ட இருந்தா, என் கருத்து, அதை தூக்கி போடாதீங்க. 640க்கு 480ல வரைஞ்ச கேம் அதுல தான் அழகா இருக்கும், எல்சிடில வெந்நீர் பட்ட மாதிரி வழிஞ்சு தெரியும்.

பழைய டிஸ்கை ரிட்டயர் பண்ணிட்டேன். இப்ப எஸ்எஸ்டி போடலாமா?

ஐடிஇ டு காம்பாக்ட் ஃபிளாஷ் (பழைய கேமராவுல போடற மெமரி கார்டு) அடாப்டர் போடுங்க. அந்த கார்டு பேசறதே ஐடிஇ பாஷை தான், அதனால தகராறு இல்ல. 16 ஜிபி தாராளம். பெருசு போட்டா ரெண்டு எடத்துல முட்டும்: அந்த கால அவார்டு பயாஸ் பலதும் 32 ஜிபிக்கு மேல பாத்தா டிஸ்க் தேடற எடத்துலயே நின்னுடும், அதை தாண்டுனாலும் 137 ஜிபில விண்டோஸ் 98 டிரைவரே முட்டி நிக்கும், அதுக்கு மேல எழுதுனா டேட்டா குழம்பிடும். சத்தம் தான் வேணும், அந்த கொர்ர்ர் இல்லாம சப்புன்னு இருக்குன்னு சொல்றவங்களுக்கு பழைய டிஸ்கையே வேற ஒண்ணு வாங்கி போடறதை தவிர வழி இல்ல.

விண்டோஸ் 98 ஏத்தியாச்சு, ஆனா 16 கலர் தான் வருது, சவுண்டும் இல்ல. டிரைவர் சிடி தொலைஞ்சு போச்சு.

போர்டு மாடலை கண்டுபுடிங்க, பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு நடுவுல அச்சடிச்சிருக்கும். இன்டர்நெட் ஆர்க்கைவ்ல போர்டோட வந்த டிரைவர் சிடியே இமேஜா பல பேர் ஏத்தி வெச்சிருக்காங்க. கார்டு யாருதுன்னே தெரியலனா லினக்ஸ் சிடில பூட் பண்ணி lspci -nn (எல்எஸ்பிசிஐ)ங்கற கமாண்டை குடுங்க, நாலு எழுத்து வென்டர் நம்பர் வரும்: 8086 இன்டெல், 1106 வியா, 10டிஇ என்விடியா, 5333 எஸ்3, 10இசி ரியல்டெக். சிப்செட் டிரைவர் முதல்ல, அப்புறம் டிஸ்ப்ளே, கடைசியா சவுண்டு. நடுவுல விண்டோஸ் சிடியை கேட்டுட்டே இருக்கும், அதனால சிடில இருக்கற வின்98 ஃபோல்டரை முதல்லயே சி டிரைவ்ல காப்பி பண்ணிட்டு அங்க இருந்து இன்ஸ்டால் பண்ணுங்க. செகண்ட் எடிஷன், 1999ல வந்தது, அதையே போடுங்க, முதல் 98 வேணாம்.

ராம் சும்மா கிடைக்குது, 1 ஜிபி போட்டா பறக்குமா?

பறக்காது, விழும். 512 எம்பிக்கு மேல போனா விண்டோஸ் 98 மெமரி பத்தலன்னே எரர் குடுக்கும், சிஸ்டம் டாட் இனில விகேஷ் பகுதியில மேக்ஸ்ஃபைல்கேஷ் அளவை குறைச்சு சமாளிக்கலாம், ஆனா எதுக்கு? 128 இல்லனா 256 போதும். 440பிஎக்ஸ் மாதிரி சிப்செட்ல 8 சிப் இருக்கற 256 ஸ்டிக் போட்டா பாதி தான் காட்டும், 16 சிப் இருக்கறதா பாத்து வாங்குங்க.

பென்டிரைவ் சொருகினா தெரியல, நெட்டும் வரல. இதுல ஜிமெயில் பாக்க முடியாதா?

பென்டிரைவுக்கு 98ல டிரைவர் கிடையாது, என்யுஎஸ்பின்னு ஆர்வலர்கள் செஞ்ச ஒரு பேக் இருக்கு, அதை போட்டா வரும், ஸ்பீடு யுஎஸ்பி 1.1 தான். ரியல்டெக் 8139 லேன் கார்டு ஒண்ணு மாட்டினா ரூட்டர்ல இருந்து ஐபி எடுக்கும், வீட்டுக்குள்ள எஃப்டிபில ஃபைல் அனுப்பலாம். வெளிய இருக்கற சைட் எல்லாம் புது டிஎல்எஸ் (பாதுகாப்பா பேசற முறை) கேக்கும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6ஆல அது ஆகாது. 2006 ஜூலையோட மைக்ரோசாஃப்ட் 98க்கு அப்டேட் குடுக்கறதை நிறுத்திடுச்சு, அதனால எந்த பாஸ்வேர்டையும் இதுல அடிக்காதீங்க. மோடம் கார்டை கழட்டி வெச்சுடுங்க, அநேகமா அது ஏதோ ஒரு ஐப்பசி மழையில டெலிபோன் லைன்ல இடி எறங்கி செத்துப் போனதா தான் இருக்கும்.

சின்ன வயசுல 98ல பின்பால் விளையாடினேன், இப்ப தேடினா இல்லையே?

நீங்க விளையாடினது வேற விண்டோஸா இருக்கணும். ஸ்பேஸ் கேடட் பின்பால் 95க்கு தனியா வித்த பிளஸ் பேக்ல வந்துச்சு, அப்புறம் 2000, எம்இ, எக்ஸ்பி கூட வந்துச்சு, 98 சிடில கிடையாது. எடுத்த இமேஜ்ல தேடுங்க, யாராவது அந்த ஃபோல்டரை காப்பி பண்ணி வெச்சிருப்பாங்க.

இமேஜ்ல கிடைக்கற பழைய டாஸ் புரோகிராம் ஏதாவது திறந்ததும் ரன்டைம் எரர் 200ன்னு வந்து மூடிக்கிட்டா, அது டர்போ பாஸ்கல்ல எழுதினது. ஆரம்பத்துல பிராசஸர் வேகத்தை அளக்கும், சுமார் 200 மெகாஹெர்ட்ஸுக்கு மேல போனா கணக்கு உடைஞ்சுடும், உங்க மெஷின் அதுக்கு ரொம்ப ஃபாஸ்ட். அதுக்கு பேட்ச் இருக்கு. அப்புறம் 98ல 49.7 நாள் தொடர்ந்து ஓடினா ஹேங் ஆகற ஒரு பிழை இருந்துச்சு, மில்லி செகண்டை எண்ற 32 பிட் எண் நிரம்பிடும். நம்ம ஊர் கரண்ட் கட்ல அதை யாரும் பாத்திருக்க வாய்ப்பே இல்ல.

ஃப்ளாப்பி ஒரு டப்பா நிறைய இருக்கு, யுஎஸ்பி டிரைவ் வாங்கினா படிக்குமா?

1.44 எம்பி ஃப்ளாப்பின்னா படிக்கும். சொருகறதுக்கு முன்னாடி ஷட்டரை தள்ளி, நடுவட்டத்தை சுத்தி வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையா புள்ளி புள்ளியா பூஞ்சை இருந்தா சொருகாதீங்க, அந்த ஃப்ளாப்பியும் போகும், டிரைவ் ஹெட்டும் அழுக்காகி அடுத்ததையும் கீறிடும். ஐபிஏ தொட்ட பஞ்சால துடைச்சு காய விட்டுட்டு, ஒரு தடவை தான் சான்ஸ்னு நினைச்சு ஹார்ட் டிஸ்க் மாதிரியே இமேஜா எடுங்க.

கேபினெட் எல்லாம் மஞ்சளாயிடுச்சு, வெள்ளையாக்க முடியுமா?

பியூட்டி பார்லர் சாமான் கடையில 40 வால்யூம் டெவலப்பர் க்ரீம் கிடைக்கும், 12 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. கையுறை போட்டு பூசி, கிளிங் ஃபிலிம் சுத்தி, மொட்டை மாடி வெயில்ல வைங்க, அடிக்கடி திருப்பி விடலனா திட்டு திட்டா வெளுக்கும். நம்ம வெயிலுக்கு ரொம்ப நேரம் எல்லாம் வேணாம். ஆனா கொஞ்ச வருஷத்துல மறுபடி மஞ்சளாகும், பிளாஸ்டிக்கும் கொஞ்சம் பலவீனமாகும். நான் செய்ய மாட்டேன், மஞ்சளாவே இருக்கட்டும்.

எமுலேட்டர்லயே 98 ஓடுதே, எதுக்கு இவ்வளவு பாடு?

கேம் மட்டும் வேணும்னா இந்த பாடே வேணாம், பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கற 86பாக்ஸ்னு ஒரு எமுலேட்டர் போட்டு, எடுத்த இமேஜோட ஒரு காப்பியையே அதுல மாட்டிடுங்க, புது ஹார்டுவேர்னு கொஞ்ச நேரம் டிரைவர் கேக்கும், அப்புறம் உங்க பழைய டெஸ்க்டாப் அதே வால்பேப்பரோட வந்து நிக்கும். பென்டியம் 2 அளவுக்கு ஓட்ட ஓரளவு பலமான கம்ப்யூட்டர் வேணும். போர்டு மொத்தமா செத்தவங்களுக்கும் நான் சொல்றது இதான். பாதி பேருக்கு இதோடயே ஆசை தீர்ந்துடுது, கேபினெட் திரும்ப பரணுக்கு போயிடுது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல, பேட்டரியை மட்டும் கழட்டிட்டு ஏத்துங்க.

ஸ்பேருக்காக காயலான் கடையில ஒரு சிபியு வாங்கினேன், அதுல வேற யாரோட குடும்ப போட்டோவோ இருக்கு. என்ன பண்றது?

நோண்டாதீங்க. டிஸ்க் உங்களுக்கு வேணும்னா லினக்ஸ்ல மாட்டி முழுசா ஜீரோ எழுதிட்டு யூஸ் பண்ணுங்க, ஃபார்மேட் மட்டும் பண்ணா எல்லாம் அப்படியே தான் இருக்கும். உங்க பழைய மெஷினை நீங்க குடுக்கறதா இருந்தாலும் இதே தான், டிஸ்கை கழட்டிட்டு குடுங்க. விலை எல்லாம் பெருசா எதிர்பாக்காதீங்க, எடைக்கு தான் போடுவாங்க. போர்டுல தங்கம் இருக்குன்னு ஆசிட்ல போட்டு எடுக்கற வீடியோ பாத்து யாரும் இறங்காதீங்க, வர்ற தங்கத்தை விட ஆசிட் விலை ஜாஸ்தி, புகை நுரையீரலுக்கு. மானிட்டர் கண்ணாடில ஈயம் இருக்கு, அதை உடைச்சு செம்பு மட்டும் உருவிட்டு மிச்சத்தை தெருவுல கொட்டற ஆள்கிட்ட குடுக்காதீங்க, மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு பண்ண ஈவேஸ்ட் ஆளுங்ககிட்ட குடுங்க.